பிளானில் தெரியாத தூண், சுவர், பீம்: ரெவிட்டில் தேடிப் பிடிக்கும் வரிசை

ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் தூணை வைக்கிறீர்கள். பிளானில் ஒன்றும் விழவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழுகிறது. நீங்கள் உருவாக்கிய எதுவும் இந்த வியூவில் தெரியவில்லை, அமைப்புகளைச் சரிபாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதைப் படிப்பதில்லை. அதே இடத்தில் மறுபடியும் சொடுக்குகிறார். பிறகு இன்னொரு முறையும் சொடுக்குகிறார்.

சேலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஏற்காட்டுச் சரிவில் எழும் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டுக்கு 12 தூண்கள். "அக்கா, தூண் வரவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு தம்பி அழைத்தபோது கோப்பில் 36 தூண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 9க்கு 12 அங்குலம், 10 அடி உயரம். அதாவது ஒரு தூணுக்கு 7.5 கன அடி கான்கிரீட். மொத்தம் 90 கன அடி என்று காட்டவேண்டிய அட்டவணை 270 என்று காட்டியது. அந்த எண்ணோடு எஸ்டிமேட் வெளியே போயிருந்தால், கம்பிக்கும் சிமெண்டுக்கும் வீட்டுக்காரர் மும்மடங்கு பணம் ஒதுக்கியிருப்பார்.

எனவே எல்லாப் படிகளுக்கும் முன்னால் ஒரு கட்டுப்பாடு: தெரியாத பொருளை மறுபடி வரையாதீர்கள். வரைந்தது கோப்புக்குள் எங்கோ இருக்கிறது. அதற்கும் உங்கள் பிளானுக்கும் நடுவில் ஏதோ ஒரு கதவு மூடியிருக்கிறது. எந்தக் கதவு என்று தெரியும்வரை எதையும் மாற்றக்கூடாது. கீழே உள்ள வரிசை, ஒரு நொடியில் பார்க்கக்கூடியதில் தொடங்கி நேரம் பிடிப்பதில் முடிகிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

சொந்தமாக ஒரு முப்பரிமாண வியூ வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் முப்பரிமாண வியூவில் யாராவது எதையாவது மறைத்துவைத்திருப்பார்கள், அதை நம்பமுடியாது. உங்கள் பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். அதில் வியூ டெம்ப்ளேட் (வியூவின் அமைப்புகளைப் பூட்டிவைக்கும் வார்ப்பு) எதுவும் இருக்கக்கூடாது. செக்‌ஷன் பாக்ஸும் (கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பெட்டி) அணைந்திருக்கவேண்டும்.

தளங்களின் உயரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தெரு மட்டம், பிளிந்த், தரைத்தளம், லிண்டல், முதல் தளம். பாதிச் சிக்கல்கள் உயரத்தில்தான் முடிகின்றன. எண்கள் கண் முன்னால் இல்லாவிட்டால் ஊகத்தில் அலைவீர்கள்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் கோப்பு என்றால் முதலில் சிங்க் செய்யுங்கள், அதாவது உங்கள் பிரதியைப் பொதுக் கோப்போடு ஒத்திசையுங்கள். நீங்கள் தேடும் சுவரைப் பக்கத்து மேசைக்காரர் காலையிலேயே நீக்கியிருக்கலாம்.

2. பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

உங்கள் முப்பரிமாண வியூவையும் சிக்கலான பிளானையும் மட்டும் திறந்துவைத்து, டபிள்யூ, டி என்ற எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டுங்கள். இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். முப்பரிமாணத்தில் தூணைத் தேர்ந்தெடுங்கள். பிளானிலும் அது நீலமாக ஒளிர்ந்தால் பொருள் தெரியத்தான் செய்கிறது, உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. பிளானில் அசைவே இல்லை என்றால் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

தேர்ந்தெடுத்த நிலையிலேயே பிராப்பர்ட்டீஸ் பலகையைப் படியுங்கள். எந்த லெவலில் நிற்கிறது, அந்த லெவலிலிருந்து எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது, எந்த ஃபேஸ் (பழையது, புதியது என்ற கட்டுமானக் கட்டம்), எந்த வொர்க்செட் (கூட்டுக் கோப்பில் பிரித்துவைத்த பகுதி) என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 36 தூண்களின் மர்மம் இந்த இடத்திலேயே உடைந்தது. தூண்களின் உச்சி தரைத்தள மட்டத்தில் இருந்தது. அடிப்பகுதி 10 அடி கீழே, மண்ணுக்குள் இருந்தது.

காரணம் எளிது. ஸ்ட்ரக்சுரல் தூணை வைக்கும்போது மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பட்டையில் 'டெப்த்' என்றும் 'ஹைட்' என்றும் இரண்டு தேர்வுகள் உண்டு. முதலில் நிற்பது டெப்த். அப்படியே விட்டால் தூண் நிற்கும் தளத்திலிருந்து கீழ்நோக்கி வளரும். ஹைட் என்று மாற்றினால்தான் மேல்நோக்கி எழும். தரைத்தள பிளானில் தூணை வைக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதில் விழுகிறார்கள். ஸ்ட்ரக்சுரல் பிளானில் சுவர் வரையும்போதும் இதே பட்டையைப் பாருங்கள்.

முப்பரிமாணத்திலும் தெரியவில்லை என்றால் மேனேஜ் பக்கத்தில் பொருளின் அடையாள எண்ணை வைத்துத் தேடலாம். எண் தெரியாதபோது, அந்த வகைக்கு ஓர் அட்டவணை போட்டு வரிசையில் சொடுக்கினால் அகப்படும். அட்டவணைக்கு உயரமும் கிராப் என்ற வியூவின் வெட்டு எல்லையும் பொருட்டல்ல என்பதால் வியூவில் ஒளிந்தது அங்கே ஒளிய முடியாது.

3. புதிய பிளான் ஒன்றை எடுத்து வழக்கை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள். அதே தளத்துக்கு ஒரு புதிய ஃப்ளோர் பிளானை உருவாக்குங்கள். பட்டியலில் அந்தத் தளம் தென்படாவிட்டால், ஏற்கெனவே உள்ள வியூக்களைத் திரும்ப உருவாக்காதே என்ற கட்டத்தில் இருக்கும் குறியை நீக்குங்கள்.

புதிய பிளானில் பொருள் தெரிந்தால், குற்றம் பழைய பிளானின் அமைப்பில் இருக்கிறது. பொருளைத் தொடவே வேண்டாம். இரண்டு பிளான்களின் பிராப்பர்ட்டீஸையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். புதிய பிளானிலும் தெரியாவிட்டால், குற்றம் பெரும்பாலும் பொருளின் உயரத்திலோ, வொர்க்செட்டிலோ, டிசைன் ஆப்ஷன் என்ற மாற்று வடிவமைப்பிலோ இருக்கும்.

ஒரு பொறி உண்டு. புதிய வியூக்களுக்குத் தானாகவே ஒரு டெம்ப்ளேட் ஒட்டிக்கொள்ளும்படி அலுவலகக் கோப்புகளில் அமைத்திருப்பார்கள். அப்படியானால் பழைய நோய் புதிய பிளானுக்கும் தொற்றும், நீங்கள் தவறான முடிவுக்கு வருவீர்கள். புதிய பிளானில் வியூ டெம்ப்ளேட் என்ற வரி 'நன்' (எதுவும் இல்லை) என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்தச் சோதனையை நம்புங்கள். வேலை முடிந்ததும் சோதனைப் பிளானை நீக்கிவிடுங்கள்.

4. கீழ்ப்பட்டையில் உள்ள கண்ணாடியும் பல்பும்

வியூவின் அடியில் உள்ள பட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. வியூவைச் சுற்றி வெளிர்நீலச் சட்டம் தெரிந்தால், யாரோ சில பொருள்களைத் தற்காலிகமாக மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஹெச், ஆர் என்று தட்டினால் எல்லாம் திரும்பிவிடும். கோப்பை மூடித் திறந்தாலும் திரும்பிவிடும். 'நேற்று தெரியவில்லை, இன்று தெரிகிறது' என்ற புகார்கள் பலவற்றுக்கு இதுதான் விடை.

அதன் பக்கத்தில் பல்பு. அதைச் சொடுக்கினால் இந்த வியூவில் நிரந்தரமாக மறைக்கப்பட்டவை மெஜந்தா நிறத்தில் எழும். உங்கள் சுவர் அதில் தென்பட்டால் தேர்ந்தெடுங்கள். தனியாக மறைக்கப்பட்டதா, அதன் வகை முழுவதும் மறைக்கப்பட்டதா என்பதை மேலே உள்ள அன்ஹைட் பொத்தான்களில் எது உயிரோடிருக்கிறது என்பதே சொல்லிவிடும். இரண்டு பொத்தான்களும் மங்கியிருந்தால் ஃபில்டர் ஒன்று மறைத்திருக்கலாம். அதை ஆறாம் படியில் பார்ப்போம்.

பல்பை ஏற்றியும் சுவர் எழவில்லையே என்று சோர்ந்துபோகவேண்டாம். கிடைத்த தகவல் பெரிது. வியூ ரேஞ்சுக்கு, அதாவது பிளான் காட்டும் உயர எல்லைக்கு, வெளியே கிடக்கும் பொருளைப் பல்பு காட்டாது. ஆகவே உயரம்தான் முதல் சந்தேகம் என்று வைத்துக்கொண்டு ஏழாம் படிக்கே போகலாம்.

5. டெம்ப்ளேட்டை முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள்

பிளானின் பிராப்பர்ட்டீஸில் வியூ டெம்ப்ளேட் என்ற வரியில் ஒரு பெயர் இருந்தால், அந்த டெம்ப்ளேட் பிடித்துவைத்திருக்கும் அமைப்புகள் மங்கிக் கிடக்கும். அவற்றை மாற்ற முடியாது.

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு வழியாகத் தவறுகிறார்கள். சிலர் டெம்ப்ளேட்டையே கழற்றிவிடுகிறார்கள். சுவர் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பிளான் மட்டும் கோட்டுத் தடிமனிலும் நிறத்திலும் மற்றப் பிளான்களிலிருந்து பிரிந்துபோகும். சிலர் டெம்ப்ளேட்டைத் திறந்து மாற்றிவிடுகிறார்கள். அவர்களுடைய பிளான் சரியாகிறது, அதே டெம்ப்ளேட்டில் உள்ள மற்றப் பிளான்கள் எல்லாம் கூடவே மாறுகின்றன.

கழற்றாமலும் கெடுக்காமலும் சோதிக்க ஒரு வழி உண்டு. மூக்குக்கண்ணாடியும் பல்பும் இருக்கும் அதே பட்டையில் தற்காலிக வியூ பிராப்பர்ட்டீஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால் வியூவைச் சுற்றி ஊதா நிறச் சட்டம் வரும். அந்த நிலையில் எதை மாற்றிப் பார்த்தாலும் டெம்ப்ளேட் கெடாது. அணைத்தால் பழையபடி ஆகிவிடும். காரணம் உறுதியான பிறகு, டெம்ப்ளேட்டை மாற்றலாமா என்று திட்டப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

6. விசிபிலிட்டி கிராபிக்ஸ்: பக்கம் பக்கமாக

வி, ஜி என்று தட்டினால் பெரிய சாளரம் ஒன்று திறக்கும். புதியவர்கள் முதல் பக்கத்தில் சுவர் என்ற வரியில் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே இன்னும் இருக்கிறது.

முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு வகைக்கும் உட்பிரிவுகள் உண்டு. கதவு தெரிகிறது, அதன் திறப்பு வளைவு தெரியவில்லை என்றால், கதவுக்குக் கீழே உள்ள உட்பிரிவில் குறி போயிருக்கும். டேக், டைமென்ஷன், கிரிட் ஆகியவை அடுத்த பக்கத்தில் இருக்கின்றன. ஆட்டோகேட் வரைபடங்களான டிடபிள்யூஜி கோப்புகளுக்கும் தனிப் பக்கம் உண்டு. இந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் அந்தப் பக்கம் முழுவதையும் அணைக்கும் ஒற்றைக் கட்டம் ஒன்று இருக்கிறது. கீழே எல்லாக் குறிகளும் ஒழுங்காக இருக்க, அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் எதுவும் தெரியாது.

ஃபில்டர் பக்கத்தை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். '4 அரை அங்குலச் சுவர்களை மறை' என்பதுபோல் ஒரு விதி அங்கே இருந்தால், நீங்கள் 9 அங்குலச் சுவரை 4 அரைக்கு மாற்றிய நொடியில் அது மாயமாகும். சந்தேகப்படும் ஃபில்டரைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

வொர்க்செட் பக்கம் கூட்டுக் கோப்புகளில் மட்டும் தெரியும். ஒன்றை நினைவில் வையுங்கள். வொர்க்செட்டை இந்த வியூவில் மறைப்பது வேறு, வொர்க்செட்டையே மூடிவைப்பது வேறு. மூடிய வொர்க்செட் எந்த வியூவிலும் வராது. கோப்பு வேகமாகத் திறக்கட்டும் என்று காலையில் சில வொர்க்செட்டுகளை மூடித் திறந்தவர், மதியம் அதையே மறந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

7. வியூ ரேஞ்ச்: மலைச்சரிவு வீடுகளின் முதல் எதிரி

என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்பது இந்தப் படி. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பிளான் என்பது வீட்டைக் கிடையாக ஒரு கத்தியால் அறுத்து, அறுத்த இடத்திலிருந்து கீழே பார்க்கும் பார்வை. கத்தி நிற்கும் உயரம்தான் கட் பிளேன். அடி, அங்குல டெம்ப்ளேட்டில் அது தளத்திலிருந்து 4 அடியில் நிற்கும். டாப் (மேல் எல்லை) 7 அடி 6 அங்குலம். பாட்டம் (கீழ் எல்லை), வியூ டெப்த் (அதற்கும் கீழே பார்வை போகும் ஆழம்) இரண்டும் சுழி. மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டில் கட் பிளேன் 1200, டாப் 2300. வி, ஆர் தட்டினால் இந்த நான்கு எண்களும் ஒரே பெட்டியில் வரும்.

சேலத்தின் சமதள மனையில் இந்த எண்கள் பெரும்பாலும் போதும். ஏற்காட்டில் போதாது. மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். சாலையை ஒட்டிய பகுதி சுழி மட்டம். தோட்டத்துப் பக்க வராந்தா 2 அடி 6 அங்குலம் கீழே. அதற்கும் அப்பால், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி இருக்கும் படிப்பறை 5 அடி கீழே. மேல் மட்டத்துப் பிளானில் வராந்தாவின் தளம் தெரிந்தது. படிப்பறையின் தளம் தெரியவில்லை. ஒரே கருவியால் வரைந்த இரண்டு தளங்களில் ஒன்று மட்டும் ஏன் மறைகிறது என்று தம்பிக்குப் புரியவே இல்லை.

இதற்கு ஒரு விதி இருக்கிறது. தளம், படிக்கட்டு, சாய்தளம் ஆகியவற்றுக்கு மட்டும் ரெவிட் ஒரு சலுகை தருகிறது. பாட்டத்துக்குக் கீழே 4 அடிவரை, ஏறத்தாழ 1.22 மீட்டர்வரை இருந்தாலும் அவற்றைக் காட்டும். வராந்தா 2 அடி 6 அங்குலத்தில் இருப்பதால் சலுகைக்குள் வந்தது. படிப்பறை 5 அடியில் இருப்பதால் வரவில்லை.

வியூ டெப்த்தை மைனஸ் 6 அடிக்கு இறக்கினால் படிப்பறைத் தளம் வந்துவிடும். ஆனால் அது 'பியாண்ட்' (அப்பால் உள்ளது) என்ற கோட்டு வகையில்தான் வரும். அந்த அறையின் சுவர்களும் ஜன்னல்களும் அவற்றுக்குரிய உயரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியாது. அந்த அறையை முறையான பிளானாகக் காட்ட வேண்டுமானால் பிளான் ரீஜன் போடுவதே சரி.

பிளான் ரீஜன் என்பது பிளானின் ஒரு பகுதிக்கு மட்டும் தனிக் கத்தி. படிப்பறையைச் சுற்றி ஒரு மூடிய எல்லை வரையுங்கள். அதற்கான எண்கள்: பாட்டம் மைனஸ் 5 அடி, வியூ டெப்த் மைனஸ் 5 அடி, கட் பிளேன் மைனஸ் 1 அடி, டாப் 2 அடி 6 அங்குலம். அதாவது அறையின் சொந்தத் தரையிலிருந்து 4 அடியில் வெட்டு. டாப், கட், பாட்டம், டெப்த் என்ற இறங்குவரிசை மாறினால் ரெவிட் ஏற்காது. இரண்டு ரீஜன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கலாம்.

இனி இதன் மறுபக்கம். வேறு யாரோ போட்ட பழைய ரீஜன் ஒன்று உங்கள் சுவரின் மேல் கிடந்தால், பிளானின் வியூ ரேஞ்சை எத்தனை முறை திருத்தினாலும் அந்தச் சுவர் அசையாது. ரீஜனின் எல்லைக்கோடே மறைக்கப்பட்டிருக்கலாம். வி, ஜியின் அனொட்டேஷன் பக்கத்தில் பிளான் ரீஜன் என்ற வரிக்குக் குறி போட்டுவிட்டுப் பாருங்கள்.

தாங்குசுவர்களுக்கு இன்னொரு விதி. அந்த மனையின் கீழ் ஓரத்தில் கருங்கல் தாங்குசுவர் இரண்டு துண்டுகளாக நின்றது. ஒன்றின் உச்சி தளத்திலிருந்து 7 அடி, மற்றொன்று 5 அடி. 7 அடிச் சுவர் தடித்த கோடும், உள்ளே கல்லைக் குறிக்கும் ஹேட்ச் கோலமுமாக வந்தது. 5 அடிச் சுவர் வெறும் இரண்டு மெல்லிய கோடுகளாகக் கிடந்தது. கத்தி 4 அடியில் போகிறது, 5 அடிச் சுவரையும் அறுக்கத்தானே வேண்டும் என்று நினைப்போம். அறுக்காது. பாட்டத்திலிருந்து 6 அடிக்குக் குறைவான உயரமுள்ள சுவரை ரெவிட் வெட்டுவதில்லை, மேலிருந்து பார்த்ததாகவே வரைகிறது. சுவரின் உச்சி எந்த லெவலோடும் இணைக்கப்படாமல் 'அன்கனெக்டட்' என்று இருக்கும்போது எப்போதும் இப்படித்தான். இது தெரியாமல் சுவரின் மெட்டீரியலை நான்கு முறை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

கழிவறை வெண்டிலேட்டர் இதே குடும்பம். 6 அடிக்கு மேல் நிற்கும் வெண்டிலேட்டர் 4 அடிக் கத்திக்கு அகப்படாமல், பிளானில் சுவர் தடையின்றி ஓடும். கத்தியை 6 அடி 6 அங்குலத்துக்கு உயர்த்தினால் வெண்டிலேட்டர் வரும், ஆனால் உச்சி அதற்குக் கீழே நிற்கும் சாதாரண ஜன்னல்களின் வெட்டுத் தோற்றம் மாறிவிடும். அந்தச் சுவர்த் துண்டுக்கு மட்டும் சிறிய பிளான் ரீஜன் போடுங்கள்.

பரணுக்கும் அலமாரிக்கும் அவை எந்த வகையில் செய்யப்பட்டிருக்கின்றன என்பது முக்கியம். கேஸ்வொர்க், ஜெனரிக் மாடல் ஆகிய வகைகளில் இருந்தால், கத்திக்கு மேலே நின்றாலும் டாப்புக்குக் கீழே தொட்டுக்கொண்டிருந்தால் தெரியும். ஃபர்னிச்சர் வகையில் செய்த பரணுக்கு அந்தச் சலுகை இல்லை.

பீம் பற்றி ஒரு வார்த்தை. முதல் தளத்தைத் தாங்கும் பீம் முதல் தள மட்டத்துக்குக் கீழே தொங்குகிறது. அதை முதல் தள ஸ்ட்ரக்சுரல் பிளானில் தேடவேண்டும். பாட்டத்தையும் டெப்த்தையும் பீமின் ஆழத்தைவிடச் சற்று அதிகமாக, மைனஸ் 2 அடிபோல, இறக்கவேண்டும். தரைத்தளப் பிளானில் மேலே ஓடும் பீமைப் புள்ளிக்கோடாகக் காட்ட விரும்பினால் முதல் தளத்தை அண்டர்லேயாக (அடியில் மங்கலாகத் தெரியும் படமாக) கொண்டுவந்து, லைன்வொர்க் கருவியால் 'ஓவர்ஹெட்' கோட்டு வகையைக் கொடுங்கள்.

8. ஃபேஸ், டிசிப்ளின், டிசைன் ஆப்ஷன்

பழைய எஸ்டேட் பங்களாவைப் புதுப்பிக்கும் வேலைகளில் ஃபேஸ்தான் குற்றவாளி. எந்தப் பிளானில் நின்று வரைகிறீர்களோ, அந்தப் பிளானின் ஃபேஸ் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 'எக்ஸிஸ்டிங்' பிளானில் நின்று புதிய சுவரை வரைந்தால் அது பழைய சுவராகப் பதிவாகிவிடும். பிறகு புதியவற்றை மட்டும் காட்டும் பிளானில் அதைத் தேடினால் வராது. சுவரின் ஃபேஸ் கிரியேட்டட், ஃபேஸ் டெமாலிஷ்டு ஆகிய இரண்டு வரிகளையும், பிளானின் ஃபேஸ், ஃபேஸ் ஃபில்டர் ஆகிய இரண்டு வரிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எழுதினால்தான் முடிச்சு தெரியும். திருத்தவேண்டியது பெரும்பாலும் சுவரின் ஃபேஸ். அதைவிட்டு பிளானின் ஃபேஸ் ஃபில்டரை 'நன்' ஆக்கினால், இடித்த சுவரும் புதிய சுவரும் ஒன்றாக வந்து நிற்கும், கொத்தனாருக்கு எது எதுவென்று தெரியாது.

பிளானின் பிராப்பர்ட்டீஸில் டிசிப்ளின் (துறை) என்ற வரி 'ஸ்ட்ரக்சுரல்' என்று இருந்தால் பாரம் தாங்காத சுவர்கள் மறையும். சாதாரணமாக வரையும் சுவர் 'நான்-பேரிங்' என்றே பதிவாகிறது. தூண்கள் நிற்கின்றன, சுவர்கள் மட்டும் ஒட்டுமொத்தமாக இல்லை என்றால் வேறு எங்கும் தேடாமல் இந்த வரியைப் பாருங்கள். 'கோஆர்டினேஷன்' என்று மாற்றினால் எல்லாம் வரும்.

டிசைன் ஆப்ஷன் பயன்படுத்தும் கோப்பில், முதன்மை அல்லாத ஆப்ஷனுக்குள் வரைந்தவை மற்ற வியூக்களில் வராது. திரையின் அடிப்பட்டையில் எந்த ஆப்ஷன் இயங்குகிறது என்று பார்த்துவிட்டு வரையும் பழக்கம் வேண்டும்.

9. கிராப், ஸ்கேல், டீட்டெயில் லெவல்

கிராப் எல்லைக்கு வெளியே உள்ள சுவர் வெட்டுப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். அனொட்டேஷனுக்கு அதற்கு வெளியே தனியாக ஒரு புள்ளிக்கோட்டு எல்லை இருப்பது தெரிவதில்லை. டேக்கின் ஒரு மூலை அந்தக் கோட்டைத் தொட்டாலே போதும், டேக் முழுவதும் மறைந்துவிடும். எல்லையைச் சற்று வெளியே இழுத்தால் திரும்பிவரும்.

செக்‌ஷன் குறிகள் சில ஸ்கேல்களில் காணாமல்போகும். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் 'இந்த ஸ்கேலைவிடச் சிறிதாகக் காட்டும் வியூக்களில் மறை' என்ற வரி ஒன்று உண்டு. 1:50 பிளானில் தெரிந்த குறி 1:200 மனைப் படத்தில் வராததற்கு அதுவே காரணம்.

டீட்டெயில் லெவல் 'கோர்ஸ்' என்று இருந்தால் சுவரின் பூச்சு அடுக்குகள் தெரியாது, குழாய்கள் ஒற்றைக் கோடாகும், இரும்பு பீமும் ஒற்றைக் கோடாகும். அடுக்குகள் வேண்டுமானால் மீடியமோ ஃபைனோ தேவை.

10. சர்வே கோப்பும் லிங்க் கோப்பும்

மலை மனைக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியால் எடுத்த சர்வே இல்லாமல் வேலை நடக்காது. அந்த டிடபிள்யூஜி கோப்பைக் கொண்டுவரும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

'கரன்ட் வியூ ஒன்லி' என்ற கட்டத்தில் குறி போட்டால், கோப்பு அந்த ஒரு பிளானில் மட்டும் இருக்கும். மற்றத் தளங்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மனை எல்லை எல்லாப் பிளான்களிலும் வேண்டுமானால் அந்தக் குறியை எடுத்துவிட்டு இணையுங்கள்.

சர்வே பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். அதை மில்லிமீட்டர் என்று படித்துவிட்டால் 60 மீட்டர் மனை 60 மில்லிமீட்டராகச் சுருங்கி ஒரு புள்ளியாகக் கிடக்கும். யூனிட் என்ற இடத்தில் 'ஆட்டோ டிடெக்ட்'டை நம்பாமல் மீட்டர் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, ஆயத்தொலைவு. சேலமும் ஏற்காடும் யுடிஎம் என்ற உலக வரைபட ஆயத்தொலைவு முறையில் 44ஆம் வடக்கு மண்டலத்தில் வருகின்றன. அங்கே வடக்கு மதிப்பு பூமத்தியரேகையிலிருந்து எண்ணப்படுவதால் 1,200 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. ரெவிட்டோ அதன் உள் மையப்புள்ளியிலிருந்து 10 மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் உள்ளதைத்தான் நம்பகமாக வரையும். அந்த எல்லையைத் தாண்டிய கோப்பு கோடுகள் உடைந்து தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. சர்வே கோப்பின் ஒரு பிரதியை ஆட்டோகேடில் சுழிக்கு அருகே நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு ரெவிட்டில் இணையுங்கள். அசல் கோப்பை மாற்றக்கூடாது. சர்வேயர் மறுபடி வந்து அளக்கும்போது அதுதான் தேவைப்படும்.

ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் ரெவிட் கோப்பு லிங்காக (வெளியிலிருந்து இணைத்த கோப்பாக) இருந்தால், வி, ஜியின் ரெவிட் லிங்க்ஸ் பக்கத்தில் அது 'பை ஹோஸ்ட் வியூ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'பை லிங்க்டு வியூ' என்று இருந்தால் அவருடைய பிளானின் அமைப்புகள்தான் ஆளும். உங்கள் வியூ ரேஞ்சை மாற்றினாலும் அவருடைய பீம்கள் அசையாது.

11. ஒன்றன் அடியில் ஒன்று

இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்றால் விஷுவல் ஸ்டைலை ஒரு நிமிடம் 'வயர்ஃபிரேம்' (விளிம்புக் கோடுகள் மட்டும்) ஆக்குங்கள். பொருள் தெரிந்தால், வேறொன்று அதை மூடியிருக்கிறது. அது மேலே போட்ட டைல்ஸ் தளமாக இருக்கலாம், ஃபேமிலி எனப்படும் தயார்ப் பொருளின் கோப்புக்குள் உள்ள, பின்னால் இருப்பதை மறைக்கும் மாஸ்க்கிங் ரீஜனாகவும் இருக்கலாம். வயர்ஃபிரேமிலும் தெரியாவிட்டால், அந்தப் பொருளின் கோட்டுக்கு யாராவது வெள்ளை நிற ஓவர்ரைடு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

12. கண்டுபிடித்த பிறகு செய்யவேண்டியவை

பொருள் தெரிந்த மகிழ்ச்சியில் கோப்பை மூடிவிடாதீர்கள். மேனேஜ் பக்கத்தில் வார்னிங்ஸ் பட்டியலைத் திறங்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பொருள்கள் இருக்கின்றன, அட்டவணையில் இரட்டிப்பாக எண்ணப்படும் என்ற எச்சரிக்கையைத் தேடுங்கள். தேடும் பதற்றத்தில் வைத்த நகல்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். எங்கள் 36 தூண்களில் 24 அங்கேதான் அகப்பட்டன.

நீக்கும்போது முப்பரிமாண வியூவில் நின்று, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் நீக்குங்கள். மூன்று நகல் இருந்த இடத்தில் எச்சரிக்கை மறுபடியும் வரும், இன்னொன்றை நீக்குங்கள். டேக் அல்லது டைமென்ஷன் ஒட்டியிருக்கும் நகல் எது என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நிற்கும் 12 தூண்களின் அடியும் உச்சியும் சரியான லெவல்களில் இருக்கின்றனவா என்று திருத்திவிட்டு, அட்டவணையில் கான்கிரீட் 90 கன அடிக்குத் திரும்பியதா என்று பாருங்கள். திரும்பிய பிறகு தற்காலிக வியூ பிராப்பர்ட்டீஸை அணைத்து, சிங்க் செய்து, அந்தப் பிளான் உள்ள தாளை ஒரு முறை அச்செடுத்துக் கண்ணால் சரிபார்த்த பின் கட்டுமான இடத்துக்கு அனுப்புங்கள்.